பேசிப் பார்த்த கேசட்

"இருநூத்திப் பதினொரு கேசட்" என்றான் தவியா, அலமாரியின் அடித்தட்டிலிருந்து தலையை வெளியே இழுத்து. "மூக்குக்குள்ள போன தூசி தனிக் கணக்கு அக்கா."

பிராகோ சிரிக்கவில்லை. மணி பதினொன்றரை. நாலு மணிக்குப் பன்டாமாப் பகுதியில் குடும்பம் கூடுகிறது. கூடியதும் ஒரு கேசட் ஓடும். ஓடி முடிந்ததும், இந்த அலமாரியை முப்பது வருடம் துடைத்த டூஃபி, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்க வேண்டியதுதான்.

குமாசி நகரப் போலீசில் பன்னிரண்டு வருடம் சார்ஜெண்டாக இருந்தவள் பிராகோ. இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். தவியா அவளுடைய டாக்ஸிக்காரன், உதவியாளன். வண்டிக்காவது பிரேக் உண்டு, அவன் வாய்க்குக் கிடையாது.

செத்துப்போனவர் பெதியாக்கோ. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது நாளாயிற்று. மனைவி டூஃபி மகளின் பிரசவத்துக்காக டகோராடி போயிருந்த சமயத்தில் இறந்தார். கூட இருந்தது அவருடைய தங்கை மகன் அம்போன்சா மட்டும். அடக்கம் முடிந்த கையோடு அம்போன்சா ஒரு கேசட்டைக் குலத்தலைவரிடம் கொடுத்தான். அதில் பெதியாக்கோவின் குரல். 'வீடு டூஃபிக்கு என்று முன்பு சொன்னதை ரத்து செய்கிறேன். வீடு அம்போன்சாவுக்கு.' ஏழு நிமிடம்.

பிராகோவைக் கூப்பிட்டவர் டூஃபி அல்ல. அம்போன்சாவைப் பெற்றவர், பெதியாக்கோவின் தங்கை, நியார்கோ அம்மாள். மூன்று நாள் முன்பு வந்து, நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

"என் மகன் திருட்டுக் கேசட் கொண்டுவந்தான்னு ஊரே பேசுது. உண்மையைக் கண்டுபிடி. அவன் சுத்தம்னா எல்லார் வாயையும் அடைக்கிறேன். இல்லைன்னா, எனக்குத்தான் முதல்ல சொல்லணும். கூட்டத்துல நாலு பேரோட நாலு பேரா உக்காந்து அதைக் கேக்க என்னால முடியாது. வாக்குக் கொடு."

பிராகோ வாக்குக் கொடுத்திருந்தாள்.

இன்று காலை குலத்தலைவர் வீட்டில் அந்தக் கேசட்டைக் கேட்டாள். குரல் அசல். டூஃபியே கேட்டுவிட்டு, "அவரேதான்" என்று சுவரில் சாய்ந்துவிட்டாள். ஒட்டு இல்லை, வெட்டு இல்லை. ஆனால் கேசட்டைக் கையில் வாங்கிப் பார்த்ததிலிருந்து பிராகோவுக்கு ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

"தவியா, இதுல அறுபது நிமிஷக் கேசட் எத்தனை?"

"ஒண்ணுகூட இல்லை. எல்லாம் தொண்ணூறு. எல்லாம் அஞ்சு ஸ்க்ரூ போட்ட கூடு. உள்ள ரிப்பன் சிக்கினா பிரிச்சு மாட்டலாம். ஒட்டுப் போட்ட மட்டக் கூடு ஒண்ணுகூடக் கிடையாது. மனுஷன் கேசட் விஷயத்துல பெரிய ஜமீன்."

"குலத்தலைவர்கிட்ட இருக்கிறது அறுபது. ஒட்டுப் போட்ட கூடு. பேர்கூட இல்லாத சரக்கு."

வாசலில் நின்ற டூஃபி கசப்பாகச் சிரித்தாள். "காலி கேசட் ஒண்ணு வாங்க அவருக்கு முழுசா ஒரு மணி நேரம் ஆகும். காது பக்கத்துல வச்சு ஆட்டுவார். ரிப்பனை வெளிச்சத்துல பார்ப்பார். பேசிப் பதிஞ்சு கேப்பார். அந்த நேரத்துல நான் ஒரு அடுப்பு ரொட்டி சுட்டு வித்துட்டு வந்துடுவேன். என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட அவ்வளவு நேரம் பார்க்கலை."

"அப்புறம் எப்படி அம்மா இந்த மட்டச் சரக்கை வாங்கினார்?"

"அவசரத்துக்கு வாங்கியிருப்பார்னு அம்போன்சா சொல்றான். வீட்டுல காலி கேசட் இல்லையாம்."

பிராகோ அலமாரியின் இழுவறையை இழுத்தாள். பூட்டியிருந்தது. சாகும்வரை அவரிடமே இருந்த சாவியை டூஃபி இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். உள்ளே, கண்ணாடித்தாள் பிரிக்காத ஆறு புதிய கேசட். ஆறும் தொண்ணூறு.

பிராகோ ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது இங்க இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

"அவர்தானே வாங்கி வச்சார். நான் ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள்."

"ஆறு நல்ல கேசட்டை வீட்டுல வச்சுக்கிட்டு ஒரு மட்டக் கேசட் வாங்கக் கடைக்குப் போயிருக்கார்" என்றாள் பிராகோ மெதுவாக. "அவருக்குக் கேசட் வேண்டியிருக்கலை தவியா. கடைக்குப் போக வேண்டியிருந்தது. எந்தக் கடை?"

"மட்டக் கேசட்டுல பச்சை வட்டமா ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சுன்னு சொன்னீங்களே. அது கெஜேட்டியா மெமுனா கடை. என் பொண்டாட்டி பிரசங்கம் பதியுற கேசட் எல்லாம் அங்கதான்."

"வண்டியை எடு."

கெஜேட்டியா லாரி நிலையத்தில் வறண்ட காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மெமுனாவின் கடை ஒரு அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது. மூன்று சுவரிலும் கேசட். நடுவில் ஒரு டெக், ஒரு மைக், ஒரு ஹெட்போன். வாசலில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி அலறிக்கொண்டிருந்தது. மெமுனா நாற்பது வயது, முக்காடு போட்டவள். கண் வாடிக்கையாளர் மேல், கை கல்லாப்பெட்டி மேல்.

"அறுபதா, தொண்ணூறா?" என்றாள் நிமிராமல்.

"பெதியாக்கோ" என்றாள் பிராகோ.

மெமுனா நிமிர்ந்தாள். "நல்ல மனுஷன். அவர் சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இங்க வந்தார். செவ்வாய்க்கிழமை."

"தனியாவா?"

"தங்கச்சி பையன்கூட. அவன் வாசல்ல நின்னான். உள்ள ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் மூச்சு விட முடியாது."

"என்ன வாங்கினார்?"

"அதான் ஆச்சரியம். வழக்கமா எடுக்கிற தொண்ணூறு ரெண்டை வாங்கிப் பிரிச்சார். ஒவ்வொண்ணா டெக்ல போட்டார். ஹெட்போனை மாட்டிக்கிட்டு மைக்ல பேசிப் பார்த்தார். இங்க எல்லாரும் அப்படித்தான், ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொல்லிப் பதிஞ்சு கேட்டுட்டுத்தான் வாங்குவாங்க. ரெண்டையும் சரியில்லைன்னு திருப்பிக் கொடுத்துட்டார். கடைசியில மட்டமான அறுபதை எடுத்தார். 'ஐயா, இது உங்க தரம் இல்லையே'ன்னேன். 'இன்னைக்கு நான் பேசப்போற பேச்சுக்கு இந்தத் தரமே அதிகம்'னார்."

பிராகோ மைக்கைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் பேசிப் பார்த்தார்?"

"ரெண்டாவதுல சும்மா ஹலோ ஹலோ. முதல்ல போட்டதுல கொஞ்ச நேரம் பேசினார். அதுக்குள்ள நான் மூணு பேரை அனுப்பிட்டேன். என்ன பேசினார்னு கேக்காதீங்க. இந்தப் பெட்டி அலறுறப்போ நான் பேசுறதே எனக்குக் கேக்காது."

தவியா விரலைச் சொடுக்கினான். "அக்கா! வாசல்ல நிக்கிறவன் பார்க்குறான். கிழவர் வாய் அசையுது. ஒண்ணு ரெண்டு மூணுன்னு நினைக்கிறான். அவர் வேற கணக்கு சொல்லிட்டிருக்கார்!"

"மெமுனா, அவர் திருப்பிக் கொடுத்த அந்த ரெண்டு கேசட்?"

"பிரிச்ச கேசட் எல்லாம் இந்தத் தட்டுல போடுவேன். கொஞ்சம் விலை குறைச்சு விப்பேன்."

தட்டு காலி.

"இன்னைக்குப் பத்து மணிக்கு அந்தத் தங்கச்சி பையனே வந்தான். தட்டுல இருந்த பதினெட்டையும் மொத்தமா வாங்கிட்டான். சாவுச் சடங்குப் பாட்டைப் பதியணுமாம்."

பிராகோ கண்ணை மூடிக்கொண்டாள். காலையில் குலத்தலைவரிடம், 'இதை எந்தக் கடையில் வாங்கினார்?' என்று அவள் கேட்டபோது அம்போன்சா கைகட்டிப் பக்கத்தில் நின்றான். அந்தக் கேள்விதான் அவனுக்கு மாமாவின் உதடு அசைந்ததை ஞாபகப்படுத்தியிருக்கிறது. தானே வழி காட்டிவிட்டோம்.

"பதினெட்டையும் இப்போ அடுப்புல போட்டிருப்பான்" என்றான் தவியா. முதல் தடவையாக அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"இரு." பிராகோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "பெதியாக்கோ முப்பது வருஷமா வீட்டுல பதிஞ்சவர். திருப்பிக் கொடுத்த கேசட்டை அடுத்த ஆள் வாங்குவான், அது மேலயே வேற பாட்டைப் பதிவான், தன் பேச்சு அழிஞ்சு போகும். இது அவருக்குத் தெரியாதா? அதுக்கு ஏதாவது பண்ணியிருக்கணும். ஒரு பாட்டு அழியாம இருக்க நீ என்ன பண்ணுவே?"

"என் பொண்டாட்டி கையில படாம வைப்பேன். போன வருஷம் என் பாட்டு மேல நாப்பத்தஞ்சு நிமிஷப் பிரசங்கத்தை..." தவியா சட்டென்று நிறுத்தினான். "பல்லை உடைப்பேன் அக்கா. கேசட் முதுகுல ரெண்டு சின்னப் பல் இருக்கும்ல, அதை நகத்தால நெம்பி உடைச்சுட்டா அப்புறம் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது."

"பல்லுன்னு என்கிட்ட பேசாதே!" மெமுனா சீறினாள். "ஒரு சர்ச்சுக்காரன் பண்ணின வேலை எனக்கு இன்னும் வயிறு எரியுது. இந்தத் தட்டுலேர்ந்து ஒரு தொண்ணூறு வாங்கிட்டுப் போனான். மறுநாள் வந்து, பதிய மாட்டேங்குது, புதுசு கொடுன்னான். பார்த்தா பல் ரெண்டும் இல்லை. தனக்கு வேண்டியதைப் பதிஞ்சு, பல்லை உடைச்சுட்டு, வேற கேசட் கேக்குறான். சத்தியம் பண்றான், நான் உடைக்கலைன்னு! கேசட்டைப் பிடுங்கி வச்சுக்கிட்டேன். அவன் போதகர்கிட்டயே காட்டப் போறேன்."

"எப்போ வந்தான்?"

"பெதியாக்கோ செத்த சேதி வந்த வாரம்."

பிராகோவின் கை மேசை விளிம்பை விட்டது.

"அந்தக் கேசட்ல என்ன இருக்குன்னு கேட்டியா?"

"அவன் பாட்டை நான் எதுக்குக் கேக்கணும்?"

ஆனால் மெமுனாவின் கை அதற்குள் கல்லாப்பெட்டிக்கு அடியில் போயிருந்தது. வெளியே வந்தபோது அதில் ஒரு தொண்ணூறு. முதுகில் பல் இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் ஓட்டை.

பிராகோ ஹெட்போனை மாட்டினாள். மெமுனா கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

சற்று நேரம் இரைச்சல். பிறகு, மிக அருகில், ஒரு கிழவரின் மூச்சு.

"நான் பெதியாக்கோ. செவ்வாய்க்கிழமை. மெமுனா கடையில உக்காந்திருக்கேன். வாசல்ல அம்போன்சா நிக்கிறான். கேசட் சோதிக்கிறேன்னு நினைச்சிட்டிருக்கான். சனிக்கிழமையிலிருந்து என் பிரஷர் மாத்திரையை அவன் எடுத்து வச்சிருக்கான். அவன் எழுதிக் கொடுத்ததை நான் பதிஞ்சு கொடுத்தாத்தான் தருவானாம். வீட்டை விட்டு வெளிய விடலை. காலி கேசட் இல்லைன்னு பொய் சொல்லித்தான்... ஒண்ணு. ரெண்டு. மூணு. ஹலோ, ஹலோ. ஒண்ணு. ரெண்டு..."

குரல் சட்டென்று உயர்ந்து, கேசட் சோதிப்பதுபோல் எண்ணியது. அந்த நொடியில் அம்போன்சா திரும்பிப் பார்த்திருக்கிறான்.

"...அந்தப் பக்கம் பார்க்குறான். வீட்டுல ஒரு கேசட் பேசும். குரல் என்னுது, வார்த்தை என்னுது இல்லை. வீடு டூஃபிக்குத்தான். நான் பதிஞ்சு கொடுத்தாலும் மாத்திரை வராது. அவன் கண்ணைப் பார்த்துட்டேன். என் தங்கச்சி நியார்கோவுக்கு இது எதுவும் தெரியாது. அவளை யாரும்..."

மேசை மேல் ஒரு நிழல் விழுந்தது.

வீடு பற்றிய வழக்கு இல்லை இது. கொலை. கொன்றவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன கேக்குறீங்க?" என்றான் அம்போன்சா. நல்ல உயரம். சடங்குக்கான கறுப்புத் துணியைத் தோளில் போட்டிருந்தான். கண் சிவந்திருந்தது. பதினெட்டுக் கேசட்டையும் ஓட்டிப் பார்த்து எதுவும் கிடைக்காமல் வந்திருக்கிறான்.

"கேசட் வாங்க வந்தோம் தம்பி" என்று தவியா குறுக்கே நின்றான். "அக்காவுக்கு ஒண்ணும் பிடிக்க மாட்டேங்குது. மாப்பிள்ளை பார்த்தப்பவும் இப்படித்தான், கடைசியில மாப்பிள்ளையே இல்லாம போச்சு."

"உன்னைக் கேக்கலை."

பிராகோ நிதானமாக ஹெட்போனைக் கழற்றினாள். டெக்கை நிறுத்தி, கேசட்டை எடுத்து, காது பக்கத்தில் ஆட்டினாள். முகத்தைச் சுளித்தாள்.

"இது வேண்டாம் மெமுனா. ஒரே இரைச்சல். நீயே வச்சுக்கோ."

மேசை மேல் தள்ளிவிட்டாள். மெமுனாவின் கண் ஒரு தடவை விரிந்தது. அவ்வளவுதான். "தொண்ணூறு பிடிக்கலைன்னா அறுபது இருக்கு" என்று அலுத்துக்கொண்டே கேசட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பிராகோ ஒரு மட்டமான அறுபதை எடுத்தாள். டெக்கில் போட்டு ஒரு நிமிடம் கேட்பதுபோல் தலையை ஆட்டினாள். காசைக் கொடுத்துவிட்டு, அதை அவசரமாகக் கைப்பைக்குள் போட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்த அவசரம் போதும்.

நான்கு எட்டு வைப்பதற்குள் அம்போன்சா வழியை மறித்தான். "பையைத் திறங்க."

"வழியை விடு. நான் போலீஸ்ல இருந்தவள்."

"இருந்தவங்கதானே?"

பையைப் பிடுங்கினான். கேசட்டை எடுத்தான். கீழே போட்டுக் குதிகாலால் மிதித்தான். கூடு உடைந்து ரிப்பன் பிதுங்கியது. அதை வாரிச் சுருட்டிச் சாக்கடைக்குள் எறிந்துவிட்டு, பையைத் திருப்பிக் கொடுத்தான்.

"நாலு மணிக்குக் கூட்டத்துக்கு வாங்க. எங்க மாமா குரலை நல்ல கேசட்டுலயே கேக்கலாம்."

அவன் கூட்டத்தில் மறைந்ததும் தவியா மூச்சை விட்டான். "அக்கா, என் காலு ரெண்டும் இன்னும் கடைக்குள்ளயே இருக்கு. யாராவது போய் எடுத்துட்டு வாங்க."

மெமுனா கடைப் பலகையைச் சாத்திக்கொண்டிருந்தாள். முக்காட்டின் முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். "இங்க இருக்கு. நானும் வரேன்."

வண்டி பன்டாமா திருப்பத்துக்கு வந்ததும் பிராகோ சொன்னாள்: "முதல்ல நியார்கோ அம்மா வீடு."

தவியா வண்டியை ஓரம் கட்டினான். "வேண்டாம் அக்கா. இருக்கிறது ஒரே ஒரு கேசட். அந்தம்மா அவனைப் பெத்தவங்க. ரிப்பனை இழுத்து அறுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"வாக்குக் கொடுத்திருக்கேன்."

"கேசட்டைக் காட்டாம வாயால சொல்லுங்க. அதுவும் வாக்குதான்."

"கடைசியில பெதியாக்கோ அந்தம்மாவைப் பத்தித்தான் பேசினார். அதை அவங்க காதால கேக்கணும். ஓட்டு."

மூன்றரை மணி. நியார்கோ அம்மாள் கறுப்புத் துணி உடுத்தித் தயாராக இருந்தார். பிராகோவின் முகத்தைப் பார்த்தார். மெமுனா முடிச்சிலிருந்து எடுத்த கேசட்டுக்குக் கையை நீட்டினார். அண்ணன் எப்போதோ கொடுத்த சின்ன டேப் ரெக்கார்டர் ஜன்னலோரம் இருந்தது.

"வெளிய நில்லுங்க" என்று கதவைச் சாத்தினார்.

மூவரும் முற்றத்தில் நின்றார்கள். கதவுக்குப் பின்னால் கிழவரின் குரல், வார்த்தை புரியாத முனகலாக. பிறகு தெளிவாக: "ஒண்ணு. ரெண்டு. மூணு." பிறகு மறுபடி முனகல். பிறகு 'டக்'.



அழுகை வரும் என்று பிராகோ காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு சத்தம். சர்ரென்று, நிற்காமல், வேகமாக.

"போச்சு" என்று முணுமுணுத்தான் தவியா. "ரிப்பனை இழுக்குறாங்க."

மெமுனா கதவை நோக்கிப் பாய்ந்தாள். பிராகோ அவள் கையைப் பிடித்தாள். வாக்கு கொடுத்தது தப்போ? டூஃபியின் முகம் கண் முன்னால் வந்தது. சர்ரென்ற சத்தம் நின்றது.

கதவு திறந்தது. நியார்கோ அம்மாள் ஒரு கையில் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பத்து வயது கூடினாற்போல் இருந்தார். ஆனால் நடை தளரவில்லை.

"முதல்ல இருந்து கேக்கட்டும்னு சுத்தி வச்சிருக்கேன்" என்றார்.

குடும்ப வீட்டு முற்றத்தில் பந்தலுக்குக் கீழே அறுபது பேர். குலத்தலைவர் நடுவில். அவர் பக்கத்தில் அம்போன்சா, வெளுத்துப்போன முகத்தில் ஒரு தெளிவோடு. ஓரத்தில் டூஃபி, பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லாமல். குலத்தலைவர் அந்த மட்டக் கேசட்டைக் கையில் எடுத்தபோது நியார்கோ அம்மாள் எழுந்தார்.

"அண்ணன் ரெண்டு கேசட்டுல பேசியிருக்கார். என்கிட்ட இருக்கிறதுதான் முதல்ல பேசினது. அதை முதல்ல கேப்போம்."

அம்போன்சா சிரிக்க முயன்றான். பிறகு, பந்தல் கால் பக்கம் நின்ற மெமுனாவைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

பெற்றவளின் விரல் பட்டனை அமுக்கியது.

கிழவரின் மூச்சு. கிழவரின் பெயர். வாசலில் நிற்கிறவனின் பெயர். பிரஷர் மாத்திரை என்ற வார்த்தை வந்ததும் பந்தல் முழுக்க ஒரே நேரத்தில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. டூஃபி வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். "மாத்திரை வச்சுட்டுத்தான் போனேன்" என்றாள் யாரிடமும் இல்லாமல். "ரெண்டு மாசத்துக்கு வாங்கி வச்சுட்டுத்தான் போனேன்." நாற்பது நாளாக அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

அம்போன்சா எழுந்து கேட்டை நோக்கி நடந்தான். குடும்பத்து இளைஞர்கள் மூன்று பேர் அதைச் சாத்திவிட்டு முதுகைக் கொடுத்து நின்றார்கள். குலத்தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து, "ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பு" என்றார்.

அம்போன்சா திரும்பினான். அறுபது பேர் இருந்தும் அவன் பார்த்தது ஒரு முகத்தைத்தான்.

"அம்மா, நிறுத்துங்க. நான் சொல்றதைக் கேளுங்க அம்மா."

நியார்கோ அம்மாளின் விரல் பட்டனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பிராகோ அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

"உக்காரு" என்றார். "மாமா இன்னும் பேசி முடிக்கலை."